ஒரே தட்டு, இரண்டு கலவை: டுரான் டுரானின் 'ரியோ'

1982 மே மாதம் பிரிட்டிஷ் பாப் குழுவான டுரான் டுரானின் இரண்டாவது ஆல்பமான 'ரியோ' வெளியானது. பிரிட்டனில் வந்த சூட்டோடு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அதே மாதம் அமெரிக்கக் கடைகளுக்கும் போனது. அங்கே அதைச் சீந்த ஆளில்லை. பத்து மாதம் கழித்து, 1983 மார்ச்சில், அதே அமெரிக்காவில் அது ஆறாம் இடத்தில் இருந்தது. அப்புறமும் இறங்க மனமில்லாமல் பில்போர்டு இதழின் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மொத்தம் 129 வாரம் ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டரை வருடம்.

ஒரே பாடல்கள், ஒரே அட்டை, ஒரே ஐந்து பேர். முதல் தடவை கவிழ்ந்தது மறு தடவை எப்படிப் பறந்தது? எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பதில் எம்டிவி, பாட்டு வீடியோக்களையே காட்டிய அமெரிக்க டிவி அலைவரிசை. அழகான பையன்கள், பாய்மரக் கப்பல், பளபளக்கும் கோட்டு சூட்டு. டிவியில் காட்டினார்கள், பெண் பிள்ளைகள் வாங்கினார்கள், கதை முடிந்தது. எனக்கு இந்தப் பதிலில் பாதிதான் உடன்பாடு. மீதிப் பாதி தட்டுக்குள்ளேயே இருக்கிறது. போதாததற்கு, அமெரிக்காவில் விற்றது மே மாதத்துத் தட்டே இல்லை. இந்தச் சின்ன விவரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பர்மிங்காமில் ஒரு கிளப்

பர்மிங்காம் கார் தொழிற்சாலைகளின் ஊர். 1978ல் அங்கே நிக் ரோட்ஸ், ஜான் டெய்லர் என்ற இரண்டு நண்பர்கள் குழுவைத் தொடங்கினார்கள். பெயரை 'பார்பரெல்லா' என்ற அறிவியல் புனைவுப் படத்தின் வில்லனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் நின்றவர்களில் மூன்று பேருக்கு டெய்லர் என்றே பெயர்: பேஸ் கிட்டார் ஜான், டிரம்ஸ் ரோஜர், கிட்டார் ஆண்டி. மூவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆண்டி வடக்கே நியூகாசில் பக்கத்துக்காரர். ஒரு இசைப் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வந்து சேர்ந்தவர். நாடகம் படித்துக்கொண்டிருந்த சைமன் லெ பான் 1980ல் பாட வந்தபோது, இளஞ்சிவப்பில் சிறுத்தைப் புள்ளி போட்ட கால்சட்டையும் கையில் ஒரு கவிதை நோட்டும் வைத்திருந்தாராம். கால்சட்டையைப் பார்த்து எடுத்தார்களா நோட்டைப் பார்த்து எடுத்தார்களா என்று கேட்டால், இரண்டையும்தான் என்பேன்.

இவர்களுக்குத் தாய்வீடு பிராட் தெருவில் இருந்த ரம் ரன்னர் என்ற இரவு கிளப். உரிமையாளர்களான பெரோ சகோதரர்கள், பாலும் மைக்கேலும், இவர்களுக்கு மேலாளர்கள் ஆனார்கள். பையன்கள் பகலில் அங்கே பயிற்சி செய்வார்கள், இரவில் அங்கேயே வேலை. நிக் இசைத்தட்டு போடுவார், ரோஜர் காலி டம்ளர் பொறுக்குவார், ஆண்டி சமையல்கட்டில் பர்கர் சுடுவார். கேட்கத் தமாஷாக இருக்கும். ஆனால் 'ரியோ'வைப் புரிந்துகொள்ள இது முக்கியம். நடன அரங்கில் எந்தத் தட்டு போட்டால் கூட்டம் எழுந்து ஆடுகிறது, எதற்கு உட்கார்ந்துவிடுகிறது என்பதை இவர்கள் தினமும் கண்ணால் பார்த்தார்கள். பாடசாலையில் கிடைக்காத படிப்பு அது.

ஜான் டெய்லர் சொல்லிக்கொண்டிருந்த சூத்திரம் ஒன்றுதான்: செக்ஸ் பிஸ்டல்ஸும் ஷிக்கும் கலந்தால் எப்படியிருக்கும்? முன்னது லண்டனின் பங்க் கூச்சல், அதாவது முரட்டு ராக். பின்னது நியூயார்க்கின் கறுப்பினக் கலைஞர்களது டிஸ்கோ குழு. கிட்டாரில் நைல் ரோஜர்ஸ், பேஸில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ். ஜானுக்கு எட்வர்ட்ஸ்தான் குரு, நேரில் பார்க்காத குரு. அக்காலத்து நியூ வேவ் (பங்க்குக்குப் பின் வந்த புதிய பாப் அலை) குழுக்கள் பலவும் பங்க்கிலிருந்து கிளைத்து வந்தவைதான். ஆனால் டிஸ்கோவிடம் போய்ப் பாடம் கேட்கப் பல பேருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

மைக்கேல் பெரோ தன் வீட்டை அடமானம் வைத்து, ஹேசல் ஓ'கானர் என்ற பாடகியின் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் மேடையேறும் தொடக்கக் குழுவாக இவர்கள் வாசிக்க இடம் வாங்கிக்கொடுத்தார். அந்தப் பயணம் முடிவதற்குள் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் போட்டி போட, 1980 டிசம்பரில் ஈஎம்ஐ நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1981ல் முதல் ஆல்பம், பிரிட்டனில் மூன்றாம் இடம். அதிலிருந்து வந்த முதல் தனிப்பாடலான 'பிளானட் எர்த்' வரிகளில் 'நியூ ரொமான்டிக்' என்ற சொல் வருகிறது. லண்டன் கிளப்புகளில் சரிகைச் சட்டையும் முகப்பூச்சுமாகத் திரிந்த இளைஞர்களுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. பாட்டில் ஒரு வார்த்தை போட்டார்கள், அது முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்னால் அமெரிக்காவில் அந்தச் சீட்டைக் கிழிக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

1982ன் தொடக்க மாதங்களில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் இருந்த ஏர் ஸ்டூடியோவில் 'ரியோ' பதிவானது. பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் மார்ட்டின் தொடங்கிய கூடம் அது. தயாரிப்பாளர் காலின் தர்ஸ்டன். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அங்கே இசைத்தட்டுத் தயாரிப்பாளர் கூடத்தில் கூடவே உட்கார்ந்து எந்த வாத்தியம் எங்கே நிற்க வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்கிறவர். தர்ஸ்டன் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' ஆல்பத்தில் ஒலிப்பொறியாளராக இருந்து தொழில் கற்றவர். முதல் ஆல்பத்தையும் அவர்தான் செய்தார்.

கூடத்துக்குள் போனபோது இவர்களுடைய வயதைக் கவனியுங்கள். லெ பான் 23. ஜானும் ரோஜரும் 21. ஆண்டிக்கு அந்த பிப்ரவரியில்தான் 21 ஆனது. நிக் ரோட்ஸுக்கு 19. ரோட்ஸ் முறையாக இசை படிக்காதவர். கீபோர்டில் வேகமாக விரல் ஓட்டுவது அவருக்கு முக்கியமில்லை. ஒரு ஒலியைத் தேடி மணிக்கணக்கில் திருகிக்கொண்டே இருப்பார். தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் ஏதோ உலோகம் பின்னோக்கி உருள்வது போல ஒரு சத்தம் வருமே, அது பியானோவின் தந்திகள் மேல் உலோகக் கம்பிகளைப் போட்டு, பதிவான நாடாவைத் திருப்பி ஓட்டியது. அதைத் தொடர்ந்து மின்மினிகள் போல் சிதறும் சுரங்கள் ரோலண்ட் ஜூப்பிட்டர்-4 சிந்தசைசரின் ஆர்பெஜியேட்டர் வேலை. ஒரு சுரக்கூட்டை அழுத்திப் பிடித்தால் அதிலுள்ள சுரங்களை எந்திரமே ஒவ்வொன்றாகத் தெளிக்கும். படித்த பியானோ கலைஞர் கைக்கு இது கேவலமாகப் பட்டிருக்கலாம். ரோட்ஸ் அதை வைத்து ஒரு பாட்டுக்கே முகம் கொடுத்தார்.

'ஹங்ரி லைக் த வுல்ஃப்' பிறந்ததும் இப்படி ஒரு எந்திர விளையாட்டில்தான். டிஆர்-808 டிரம் எந்திரத்தையும், சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் ஒரு சீக்வென்ஸரையும் ஜூப்பிட்டர்-8ஐயும் ஒன்றோடொன்று கோத்துவிட்டு என்ன வருகிறது என்று பார்த்தார்கள். மான்செஸ்டர் சதுக்கத்தில் ஈஎம்ஐ அலுவலகத்துக்குள் இருந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரே நாளில் பாட்டின் மாதிரிப் பதிவு முடிந்துவிட்டது. சிவப்புத் தொப்பிச் சிறுமியையும் ஓநாயையும் மனதில் வைத்து லெ பான் வரிகளை எழுதினார். தொடக்கத்தில் கேட்கும் பெண் சிரிப்பு ரோட்ஸின் அப்போதைய காதலியுடையது.

இந்த ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனை: முதல் தடவை பாடகரை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். தலைப்புப் பாடலில் ஜான் டெய்லரின் பேஸ் தாளத்துக்கு ஊன்றுகோலாக நிற்கவே இல்லை, பாடுகிறது. வரிக்கும் வரிக்கும் நடுவே ஓடுகிறது, தாவுகிறது, பதில் சொல்கிறது. அதன் கீழே ரோஜரின் டிரம்ஸ் சுத்தமான நடன அரங்கத் தாளம். மேலே ஆண்டியின் கிட்டார். அவர் ஏசி/டிசி என்ற ஹார்ட் ராக் குழுவின் ரசிகர், கை கொஞ்சம் முரடு. இந்த முரட்டுக் கை மட்டும் இல்லாவிட்டால் மொத்தமும் சர்க்கரைப் பாகாகியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிகளில் ரோட்ஸின் சிந்தசைசர் புகை மாதிரி நிரம்புகிறது. ஐந்து பேரும் ஐந்து வேறு பாட்டை வாசிக்கிறார்களோ என்று தோன்றும். ஆனால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. அங்கேதான் தர்ஸ்டனின் கை தெரிகிறது.

'மை ஓன் வே' இதற்கு நல்ல சான்று. 1981 நவம்பரில் அதைத் தனிப்பாடலாக விட்டபோது, டிஸ்கோ பாணி வயலின் கூட்டத்தோடு தடதடவென்று ஓடியது. பட்டியலில் 14ஆம் இடம், குழுவுக்கே திருப்தியில்லை. ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்தபோது வேகத்தைக் குறைத்து வயலின்களைத் தூக்கிவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எதைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் எதை விடுவது என்பதை அந்தச் சில மாதங்களில் இவர்கள் கற்றுக்கொண்டது தெரியும். என்றாலும் ஒன்பது பாடல்களில் எனக்குச் சற்று மங்கலாகப் படுவது இதுதான்.

இரண்டாம் பக்கம் வேறு உலகம். 'நியூ ரிலிஜன்' ஒரு ஆளின் உள்மனமும் வெளிமனமும் பேசிக்கொள்வது. லெ பான் இரண்டு குரலிலும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பாடுகிறார். 'சேவ் எ ப்ரேயர்' ஒரு இரவு மட்டுமே நீடிக்கும் உறவைப் பற்றியது. ஆனால் மெட்டு ஏதோ பிரார்த்தனைக் கூடத்தில் எழுதியது மாதிரி அடக்கமாக இருக்கும். கடைசியில் 'த ஷாஃபர்'. லெ பான் குழுவில் சேரும் முன், 1978ல் கிப்புட்ஸ் என்ற இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணை ஒன்றில் தங்கி வேலை செய்தபோது எழுதிய கவிதை. அதில் ஆண்டியின் கிட்டார் இல்லை, ஆட்டம் இல்லை. பெரும்பாலும் சிந்தசைசர்களும் லெ பான் ஊதும் ஒக்கரினா என்ற மண் குழலும்தான். பதின்வயதினருக்கான ஜிகினாக் குழு என்று இவர்களை ஒதுக்கியவர்கள் இந்தப் பாட்டு வரை பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

'ஹோல்ட் பேக் த ரெய்ன்' பற்றி ஒரு செய்தி. ஜானின் குடியும் கூத்தும் எல்லை மீறுவதைக் கண்டு கவலைப்பட்டு லெ பான் எழுதிய வரிகள் அவை. எழுதிய தாளை ஜானின் ஓட்டல் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். நேரில் சொன்னால் சண்டையாகியிருக்கும். பாட்டாகச் சொன்னதால், அந்த அறிவுரைக்குப் பேஸ் வாசித்தவரே ஜான்தான்.

அட்டையை ஒரு வார்த்தையில் கடந்துவிட முடியாது, ஆனால் சுருக்கமாக: 'பிளேபாய்' இதழுக்கு வரைந்துகொண்டிருந்த அமெரிக்க ஓவியர் பேட்ரிக் நேகல் வரைந்த பெண் முகம், வெள்ளைத் தோல், கறுப்பு முடி, சிவப்பு உதடு, ஒரு சிரிப்பு. அட்டையை வடிவமைத்தவர் மால்கம் கேரட். அடுத்த சில ஆண்டுகளில் உலகமெங்கும் சலூன் கண்ணாடிகளிலும் அழகு நிலையச் சுவர்களிலும் அந்தச் சாயல் முகங்கள் ஒட்டப்பட்டன. நேகல் 1984ல் 38 வயதில் இறந்துவிட்டார்.

சிகிரியாவின் உச்சியில்

ஏப்ரலில் குழு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் இலங்கையில் இறங்கி வீடியோ எடுத்தால் என்ன என்று மேலாளர்கள் ஈஎம்ஐயைப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். ஒரு பயணத்தில் மூன்று பாடல்கள்: 'ஹங்ரி லைக் த வுல்ஃப்', 'சேவ் எ ப்ரேயர்', கூடவே 'லோன்லி இன் யுவர் நைட்மேர்' பாட்டின் சில பகுதிகள். இயக்குநர் ரஸ்ஸல் மல்காஹி, ஆஸ்திரேலியர். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியபோது முதன்முதலாக ஒளிபரப்பான வீடியோ இவர் எடுத்ததுதான்.

லெ பானும் ரோட்ஸும் லண்டனில் ஆல்பத்தின் கடைசி மிக்சிங்கை முடிக்க வேண்டியிருந்ததால் மற்றவர்கள் முன்னதாகப் போனார்கள். இராப்பகலாகக் கூடத்தில் கிடந்துவிட்டு ரோட்ஸ் அப்படியே விமானம் ஏறினார். உடம்பில் லண்டன் குளிருக்கான தோல் உடுப்பு. ஏப்ரல் மாதத்துக் கொழும்பு வெயிலில் தோல் உடுப்போடு இறங்கிய ஆளை நினைத்தாலே நமக்கு வியர்க்கிறது.

'ஹங்ரி'யில் லெ பான் சந்தைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒரு பெண்ணைத் துரத்துகிறார், மேசைகளைக் கவிழ்க்கிறார், மழையில் ஆற்றிலிருந்து மெல்லத் தலை தூக்குகிறார். முந்தைய ஆண்டு வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் சாயலை அவர்களே மறைக்கவில்லை. 'சேவ் எ ப்ரேய'ருக்குச் சிகிரியாக் குன்றின் உச்சி, தென்கரைக் கடற்கரை, பொலன்னறுவை பௌத்த ஆலயத்தின் இடிபாடுகள். பொலன்னறுவை, சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயர் மாற்றி ஆண்ட ஊர். அந்தக் கற்களுக்கு நடுவே பர்மிங்காம் பையன்கள் வெறுங்காலோடு நின்று உதடசைக்கிறார்கள்.

ஆண்டி டெய்லருக்கு அங்கே ஏதோ தொற்று பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்து, ஐரோப்பியச் சுற்றுப்பயணமே தள்ளிப்போனது. வீடியோவில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் தண்ணீருக்குக் கொடுத்த விலை.

இந்த வீடியோக்களைத் தமிழராக உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு நெருடல் தவிர்க்க முடியாதது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. படப்பிடிப்பு இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு ஏப்ரலில் நடந்திருக்கிறது. வீடியோவில் தீவு யானையும் தென்னையும் காவி உடையுமாகவே இருக்கிறது; உள்ளூர் முகங்கள் பின்னணியில் நகர்கின்றன. இதற்காக ஒரு பாப் குழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை, சுற்றுலா விளம்பரங்களும் அன்று அதையேதான் காட்டின. ஆனால் எம்டிவி அந்தக் கடற்கரையை மணிக்கொருதரம் காட்டிக்கொண்டிருந்த அதே வருடம்தான் அந்த ஜூலையும் வந்தது, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மே மாதம் கரீபியத் தீவான ஆண்டிகுவாவில் 'ரியோ' பாட்டுக்கு வீடியோ. ஈலியன் என்ற பழைய பாய்மரக் கப்பல், ஆண்டனி பிரைஸ் தைத்த வண்ண வண்ணப் பட்டு சூட்டுகள். அன்று பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் முப்பது லட்சம் பேர். இசைப் பத்திரிகைகள் இந்தக் கப்பலைப் பார்த்து எரிச்சலடைந்ததில் ஆச்சரியமில்லை. பர்மிங்காமின் டம்ளர் பொறுக்கியவருக்கு அந்தக் கப்பல் எப்படித் தெரிந்திருக்கும் என்று அவர்கள் யோசித்திருக்கலாம்.

அமெரிக்கா முதலில் ஏன் கேட்கவில்லை

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே பெட்டி பெட்டியாக டிஸ்கோ தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அமளியாகி, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அதன் பிறகு அமெரிக்க ராக் வானொலி நிலையங்கள் நடனத் தாளம் என்றாலே தள்ளிவைத்தன. வெள்ளையர் கேட்கும் ராக் நிலையம் ஒன்று, கறுப்பினத்தவர் இசைக்கான நிலையம் வேறொன்று என்று கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது.

அந்தக் கோட்டின் மேலேயே போய் விழுந்தது 'ரியோ'. ஈஎம்ஐயின் அமெரிக்கக் கிளையான கேப்பிடல் நிறுவனம் தன் துணை முத்திரையான ஹார்வெஸ்டில் அதை வெளியிட்டது; இங்கிலாந்தில் ஒட்டிய 'நியூ ரொமான்டிக்' சீட்டும் கூடவே போனது. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை. கிட்டார் இருக்கிறது, ஆனால் ராக் நிலையத்துக்கு வேண்டிய கிட்டார் இல்லை. தாளம் இருக்கிறது, ஆனால் நடனத் தட்டு என்று யாரும் சொல்லவில்லை. எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால் வாங்க வருகிறவர் எங்கே தேடுவார்? அந்தக் கோடையில் பிளாண்டி குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாக வாசித்தும் நிலைமை மாறவில்லை.

இங்கேதான் டேவிட் கெர்ஷன்பாம் வருகிறார். பிரிட்டிஷ் பாடகர் ஜோ ஜாக்சனின் முதல் ஆல்பங்களைத் தயாரித்தவர். 'ரியோ'வின் சில பாடல்களை அவர் அமெரிக்க நடன அரங்குகளுக்கு ஏற்ப மறுகலவை செய்தார், அதாவது பதிவான வாத்தியங்களில் எது முன்னால், எது பின்னால் என்பதை மாற்றி அமைத்தார். அவற்றை வைத்து 1982 செப்டம்பரில் 'கார்னிவல்' என்ற சிறு தட்டு வந்தது. கிளப்புகளில் அது ஓடத் தொடங்கியதும், கேப்பிடல் துணிந்து ஒரு காரியம் செய்தது: ஆல்பத்தின் முதல் பக்கத்தையே கெர்ஷன்பாம் கலவைக்கு மாற்றி, நவம்பரில் 'ரியோ'வை மறுபடி வெளியிட்டது. இந்தத் தடவை 'நியூ ரொமான்டிக்' பேச்சில்லை. நடன ஆல்பம் என்றே விற்றார்கள்.

கெர்ஷன்பாம் புதிதாக எதையும் வாசிக்கவைக்கவில்லை. தர்ஸ்டன் பதிந்து வைத்த நாடாவிலிருந்துதான் எடுத்தார். டிரம்ஸை முன்னால் கொண்டுவந்தார், பேஸுக்கு இடம் விட்டார், 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' பாட்டை ஐந்து நிமிடத்துக்கு நீட்டினார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஷிக் அப்போது எழுந்து உட்கார்ந்தது என்று சொல்லலாம். ரம் ரன்னரில் இரவெல்லாம் தட்டு போட்டுப் படித்த பாடம் உள்ளே இல்லாமல் இருந்திருந்தால், எந்த மறுகலவையாலும் அதை வெளியே கொண்டுவந்திருக்க முடியாது.

சரி, எம்டிவி? அதன் பங்கை நான் மறுக்கவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் வீடியோ காட்ட வேண்டிய அலைவரிசையிடம் காட்ட வீடியோ போதவில்லை. அமெரிக்கக் குழுக்கள் பலவும் வீடியோவே எடுத்திருக்கவில்லை. எடுத்தவர்களும் மேடையில் வாசிப்பதைப் படம்பிடித்ததோடு சரி. பிரிட்டிஷ் குழுக்களிடம்தான் கையிருப்பு இருந்தது, அதிலும் இலங்கைக் காட்டில் படமாக்கிய துரத்தல் கதை யாரிடம் இருந்தது? 'ஹங்ரி' சுழன்று சுழன்று வந்தது. வானொலி நிலையங்களுக்கு அதைக் கேட்டு ஆட்கள் போன் போட்டார்கள், அப்புறம்தான் வானொலி இறங்கிவந்தது. 1982 கடைசி இரவில் நியூயார்க்கில் எம்டிவி நடத்திய புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் டுரான் டுரான் மேடையேறியது. மார்ச்சில் 'ஹங்ரி' அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் மூன்றாம் இடம். அதே மாதம் டைம்ஸ் சதுக்கத்துக் கடையொன்றில் கையெழுத்துப் போட வந்தவர்களைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் குதிரைப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. ஏப்ரலில் ஆல்பத்துக்குப் பத்து லட்சம் பிரதிக்கான பிளாட்டினச் சான்று, பின்னால் அது இரட்டைப் பிளாட்டினம்.

ஆனால் வரிசையைப் பாருங்கள். வீடியோக்கள் மே, ஜூன் மாதங்களிலேயே தயார். எம்டிவி அதற்கு முன்பே இருந்தது. அலைவரிசை எட்டும் வீடுகள் அந்த ஆண்டில் பெருகின, அது உண்மை. இருந்தாலும் வீடியோவும் கிளப்பும் வானொலியும் கடையும் ஒரே நேரத்தில் கைகோத்தது நவம்பருக்குப் பிறகுதான், மறுகலவை வெளியான பிறகுதான். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனவன் கையில் கிடைத்தது, தன் ஊர்க் கிளப்பில் கேட்ட அதே தாளம். ஒரு வீடியோ ஒரு பாட்டை மூன்றாம் இடம் வரை தூக்கலாம். ஒரு ஆல்பத்தை 129 வாரம் பிடித்துவைக்க அதனால் ஆகாது.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'ஹங்ரி' மூன்றாம் இடத்தில் இருந்தபோது முதலிடத்தில் இருந்தது மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்'. கறுப்பினக் கலைஞர்களை எம்டிவி புறக்கணிக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுத்திருந்த காலம்; 'பில்லி ஜீன்' வீடியோவே அந்த மார்ச்சில்தான் அதில் வழக்கமாக வரத் தொடங்கியது. ஷிக்கிடம் பாடம் படித்த வெள்ளைப் பையன்களுக்கு அந்தக் கதவு திறந்தது, ஷிக்குக்கு அல்ல. டுரான் டுரான் மேல் இதில் தப்பில்லை. அவர்கள் குருவின் பெயரை ஒருபோதும் மறைத்ததில்லை. 1984ல் 'த ரிஃப்ளெக்ஸ்' பாட்டை மறுகலவை செய்ய நைல் ரோஜர்ஸையே அழைத்தார்கள், அது இரு நாட்டிலும் முதலிடம் பிடித்தது. மறு வருடம் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கான பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் தயாரிப்பாளர். ஜான் டெய்லர் தன் குருவின் முன்னால் உட்கார்ந்து பேஸ் வாசித்தார்.

பிறகு

பிரிட்டனில் ஆல்பத்தின் தனிப்பாடல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின: 'ஹங்ரி' ஐந்தாம் இடம், 'சேவ் எ ப்ரேயர்' இரண்டு, 'ரியோ' ஒன்பது. 1984ல் கிராமி விருதுகளில் முதன்முறையாக வீடியோவுக்கு இரண்டு பரிசுகள் வைத்தபோது இரண்டையும் இவர்களே வாங்கினார்கள். புகழ் உச்சிக்குப் போனதும் வழக்கம்போல உள்ளே விரிசல். 1985ல் லைவ் எய்ட் என்ற நிதிதிரட்டும் இசை விழா மேடைக்குப் பிறகு ஐவரும் பல ஆண்டுகள் ஒன்றாக வாசிக்கவில்லை. தர்ஸ்டன் 2007ல் காலமானார்.

2009ல் 'ரியோ'வின் இரட்டைக் குறுந்தகட்டுப் பதிப்பு வந்தது. அதில் தர்ஸ்டன் கலவைதான் மூல ஆல்பம். கெர்ஷன்பாமின் அமெரிக்கக் கலவைகள் கூடுதல் பாடல்களாகப் பின்னால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் இந்தக் குழுவுக்கு வாசல் திறந்த கலவை இன்று பிற்சேர்க்கை. எனக்கும் தர்ஸ்டனுடையதே பிடிக்கும். அதில் காற்று இருக்கிறது, 'லோன்லி இன் யுவர் நைட்மேர்' அதில்தான் சரியாக மூச்சு விடுகிறது. ஆனால் 'ஹோல்ட் பேக் த ரெய்ன்' கேட்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் அமெரிக்கக் கலவைக்குத்தான் தாவுகிறேன், கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு.